அப்புத்தளையில் விடியல், பொகவந்தலாவையில் மழை: 2024 வால்வெள்ளியை மலையகத்தில் படம் பிடித்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் வெறுங்கண்ணுக்கே தெரிந்த வால்வெள்ளியைப் படம் பிடிக்க இலங்கை மலையகத்தில் இரண்டு குழுக்கள் கிளம்பின. முதலாவது அப்புத்தளைப் பக்கம். ஒரு தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், உயர்தரம் படிக்கும் மாணவர்கள் இருவர், அவர்களை ஏற்றிப்போன ஆட்டோக்காரர். கையில் இருந்தது சிறிய சென்சர் உள்ள பழைய கமரா ஒன்று, 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. இரண்டாவது பொகவந்தலாவைப் பக்கம். ஹட்டனில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர், அவருடைய மச்சான், தோட்ட ஒஃபிஸில் வேலை செய்யும் ஒரு நண்பர். இவர்களிடம் பெரிய, முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சர் உள்ள புதிய கமராவும் நல்ல 85 மில்லிமீற்றர் லென்ஸும் இருந்தன. திட்டமும் இவர்களுடையதுதான் அழகானது: சிவனொளிபாத மலைக்கு நேர் மேலே வால்வெள்ளி.

பழைய கமராக்காரர்களுக்குச் சட்டம் போட்டு மாட்டக்கூடிய படம் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்ததை வால்வெள்ளி என்று விளக்கிச் சொன்னால்தான் புரியும். இரு தரப்புக்கும் நேர அட்டவணை போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் கோப்புகள் எல்லாம் பின்னர் என் கைக்கு வந்தன. திறமை, கருவி, உழைப்பு எதிலும் பொகவந்தலாவைக் குழு குறைந்ததல்ல. வித்தியாசம் அவர்கள் தேர்ந்தெடுத்த வாரத்திலும் வேளையிலும் மலைச்சரிவிலும் இருந்தது.

எந்த வால்வெள்ளி

சி/2023 ஏ3, அதாவது சுச்சின்ஷான்-அட்லஸ். 2023 ஜனவரி 9 அன்று சீனாவின் சுச்சின்ஷான் வானாய்வகம் எடுத்த படத்தில் முதலில் சிக்கியது. அதே ஆண்டு பெப்ரவரி 22 அன்று தென்னாபிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைத் தனியாகக் கண்டது. அதனால்தான் இரட்டைப் பெயர். 2024 செப்டெம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம் கிலோமீற்றர் தூரத்தில் அது கடந்தது. ஒக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ 7 கோடி கிலோமீற்றரில் இருந்தது.

படம் பிடிப்பவருக்கு இந்த இரண்டு திகதிகளை விட முக்கியம், அவற்றைச் சுற்றி அமைந்த இரண்டு வாய்ப்புகள். செப்டெம்பர் கடைசி வாரம் தொடங்கி ஒக்டோபர் முதல் சில நாட்கள் வரை விடியலுக்கு முன் கிழக்கில் தெரிந்தது. பிறகு பூமிக்கும் சூரியனுக்கும் கிட்டத்தட்ட நடுவே வந்து சூரிய ஒளியில் மறைந்தது. வேடிக்கை என்னவென்றால் அது மிக அதிகமாகப் பிரகாசித்தது அந்த மறைந்திருந்த நாட்களில்தான். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தூசு கூடுதலாக ஒளிரும், ஜன்னல் வெயிலில் பறக்கும் தூசைப் போல. ஒக்டோபர் 9 அளவில் அது வெள்ளிக் கோளுக்கு இணையான பிரகாசத்தை எட்டியது. ஆனால் சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்க சோஹோ விண்கலம் மாதிரி சூரியனை மறைத்துப் படம் எடுக்கும் கருவி வேண்டும். ஒக்டோபர் 12 அளவில் மாலை மேற்கு வானுக்கு வந்து, நாளுக்கு நாள் உயர்ந்து, நாளுக்கு நாள் மங்கியது.

உலகம் முழுக்கச் செய்திகள் சொன்னது ஒன்றே: ஒக்டோபர் நடுப்பகுதி மாலைக்குக் காத்திருங்கள். வால் நீளமாக இருக்கும், வசதியான நேரம், குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரியான ஆலோசனை. மலையகத்துக்கு அது பொருந்தவில்லை.

தேயிலைக்காரருக்குத் தெரிந்த வானம்

மலையகத்துக்கு ஒரே வானிலை இல்லை என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைச் சரிவுகளில் முட்டி மழையைக் கொட்டிவிட்டு, நடு மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அந்த மாதங்களில் வரண்ட காற்று கொழுந்தை வாட்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசமும் தனி விலையும் வருவதற்கு அந்தக் காற்றே காரணம். மேற்குச் சரிவில் இதே மாதிரி வரண்ட பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. திம்புளைத் தேயிலைக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது அந்த மாதங்கள்.

வானம் பார்ப்பவருக்கு இதைவிட நல்ல அட்டவணை கிடையாது. எந்தச் சரிவில் தரமான தேயிலைப் பருவமோ அந்தச் சரிவில் இரவு வானமும் தெளிவு. காற்றில் ஈரம் குறைவு, மேகம் குறைவு.

ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவத்திலும் சேராதவை. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் பளிச்சென்று இருக்கும். பத்து, பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறும். பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும். மழை விட்டாலும் மேகம் ராத்திரி நெடுநேரம் கலையாது. நள்ளிரவுக்கு மேல் மெல்ல அடங்கி, விடியலில் மறுபடி வானம் திறக்கும். தினமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் கட்டுவதானால் நான் இதன்மேல்தான் கட்டுவேன்.

ஆக, செப்டெம்பர் கடைசியில் ஊவாப் பக்கத்து விடியலுக்கு வரண்ட பருவத்தின் வால் பகுதியும், இடைப்பருவத்தின் தெளிவான காலைகளும் சேர்ந்து கைகொடுத்தன. ஒக்டோபர் நடுவில் மேற்குச் சரிவின் மாலைக்கு இரண்டுமே எதிர். அந்த வாரத்தில் மழை வழக்கத்தையும் மிஞ்சியது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வெள்ளம் புகுந்த வாரம் அது.

ஒக்டோபர் மழையை மலையகம் வால்வெள்ளிக் கண்ணோடு பார்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் புதைத்தது. அப்புத்தளைக் குழு நின்ற முகட்டிலிருந்து அது தூரமில்லை. தொடர்ந்து மழை பெய்த நாட்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும்போது, முக்காலியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சரிவு ஏறுவது படத்துக்காக எடுக்கவேண்டிய ஆபத்தே இல்லை. பொகவந்தலாவைக் குழு சில மாலைகளில் வீட்டை விட்டு இறங்காததற்குக் காரணம் இதுதான். அது சரியான முடிவு.

விடியற்காலைக் குழு

அவர்கள் நின்றது லிப்டன் சீட் இருக்கும் தம்பேதென்னைப் பக்கத்து மலைத்தொடரில், கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கட்டையாகத் தறித்துவிட்ட ஒரு மலையில். கவ்வாத்து மலை என்பதால் செடி இடுப்புக்கும் கீழே. கிழக்கு அடிவானம் முழுக்கத் திறந்து கிடந்தது. தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். இருந்தும் முதல் நாள் காவல்காரர் டொர்ச் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். "தொரைகிட்ட சொல்லியாச்சா சேர்? புலி நடமாட்டம் இருக்கு, ஒண்ணா நில்லுங்க" என்றார். மலையகத்தில் புலி என்றால் சிறுத்தை. அவர் போகாமல் கூடவே நின்றுவிட்டார், வால்வெள்ளியையும் பார்த்தார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வால்வெள்ளி வந்தால் ராசா மாறுவார் என்று சின்ன வயதில் கேட்டதாகவும், இந்த முறை அது தாமதமாக வந்திருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தாராம்.

உயரத்தின் லாபம் இங்கே பல வகையில் வேலை செய்தது. அந்த முகடு கிட்டத்தட்ட 1900 மீற்றர் உயரம். தென்கிழக்கே வெல்லவாயச் சமவெளி 200 மீற்றர் அளவில்தான். இவ்வளவு உயரத்திலிருந்து தாழ்ந்த சமவெளிப் பக்கம் பார்த்தால் அடிவானம் கிடைமட்டத்துக்கு ஒரு பாகைக்கும் மேலாகக் கீழே இறங்கிவிடும். வான்பொருள் சில நிமிடம் முன்னதாகவே எழும்பும். அதைவிடப் பெரிய லாபம் காற்றின் மங்கலில் கிடைத்தது. தூசும் ஈரமும் கலந்த மங்கல் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் தங்கிவிடும். பத்துப் பாகை உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, தலைக்கு நேரே இருப்பதை விட ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. ஐந்து பாகையில் பத்து மடங்கு. வால்வெள்ளி எப்போதும் அடிவானத்தை ஒட்டியே தெரிவதால், மங்கல் படலத்துக்கு மேலே நின்று படம் பிடிப்பது ஒரு லென்ஸ் மாற்றுவதற்குச் சமம். கடற்கரையில் நின்று அதே விடியலில் எடுத்தால் இதே வால் பாதிகூடத் தெரிந்திருக்காது.

பள்ளத்தாக்குக்குள் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். விடியல் பனிமூட்டம் குழிகளில்தான் தேங்கும். படங்களில் கீழே வெள்ளையாகப் பரவியிருப்பது அதுதான். அது வெல்லவாயப் பக்கத்து விளக்குகளையும் மூடிக்கொடுத்தது.

நேரக் கணக்கு இப்படி. செப்டெம்பர் கடைசியில் அங்கே சூரியன் 6 மணி அளவில் உதிக்கும். வால்வெள்ளி அதற்கு ஒன்றரை மணி நேரம் முன், 4.30 அளவில் எழும்பியது. 4.50 வரை வானம் முழு இருட்டு, ஆனால் வால்வெள்ளி நான்கைந்து பாகைதான் உயர்ந்திருக்கும். 5.15 ஆகும்போது பத்துப் பாகைக்கு ஏறிவிடும், ஆனால் விடியல் வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இருபத்தைந்து நிமிடம்தான் மொத்த வாய்ப்பு. கருவி பொருத்துவது, ஃபோகஸ் பிடிப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.

ஃபோகஸுக்கு வியாழன் உதவியது. அந்த மாதம் விடியற்காலையில் அது உச்சிக்குப் பக்கத்தில் பளிச்சென்று நின்றது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டார் ஆசிரியர். தானியங்கி ஃபோகஸ் அணைக்கப்பட்டது. முக்காலியில் வைத்த பின் லென்ஸின் அதிர்வு தடுப்பானையும் அணைத்தார்கள், இல்லாவிட்டால் அதுவே அசைவை உண்டாக்கும்.

எங்கே பார்ப்பது? மக நட்சத்திரத்திலிருந்து கீழே, வலப்பக்கமாக இறங்கினால் போதும். மாதத்தின் கடைசி விடியல்களில் மெல்லிய தேய்பிறையும் மகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாணவன்தான் முதலில் கண்டான். "சேர், அங்க பொகை மாதிரி மேல போகுதே, அதா?" அதுவேதான். கண்ணுக்குச் சிறு புகைக் கோடு. கமராவில் முதல் படத்திலேயே வால் விரிந்து நின்றது.

ஆசிரியர் கமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருந்தார். பார்க்கச் சாதாரண விஷயம், ஆனால் இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். ஐரோப்பியப் படங்களில் வால் சாய்ந்து கிடக்கும். அங்கே வான்பொருட்கள் அடிவானத்திலிருந்து சரிவாகவே ஏறும். நம் அட்சரேகை 7 பாகைதான், இங்கே எல்லாம் ஏறக்குறையச் செங்குத்தாக எழும்பும். அதனால் வாலும் நிமிர்ந்து, வலப்பக்கம் கொஞ்சமே சாய்ந்து நின்றது. 50 மில்லிமீற்றர் லென்ஸ் அந்தச் சிறிய சென்சரில் நெடுக்காக 25 பாகை காட்டும். கீழே மலைமுகடு, நடுவில் தலை, மேலே வால் முடிய இடம். படுக்கையாக வைத்திருந்தால் பாதிச் சட்டம் வெறும் வானமாகப் போயிருக்கும்.

ஒரு படத்துக்கு எத்தனை செக்கன்? பூமி சுழல்வதால் வானம் ஒரு செக்கனுக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. அந்தக் கமராவில் அந்த லென்ஸோடு ஒரு பிக்ஸல் கிட்டத்தட்ட 16 விகலை. அதாவது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு பிக்ஸல் இழுவை. 4 செக்கன் வைத்தால் நான்கு பிக்ஸல், அச்சில் தெரியாது. 15 செக்கன் வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் பழைய 500 விதியை (500-ஐக் குவியத் தூரத்தால் வகுப்பது) அப்படியே பிடித்தால் 10 செக்கன் வரும். சிறிய சென்சருக்கும் இன்றைய பிக்ஸல் அளவுக்கும் அது அதிகம். நான் கொடுத்த தாளில் 4 செக்கன், லென்ஸ் துளை எஃப் 2.2, சென்சரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600 என்று இருந்தது. வானம் வெளுக்க வெளுக்க ஐஎஸ்ஓவை முதலில் குறைத்து, பிறகு நேரத்தைக் குறைத்தார்கள். மூலக் கோப்பாகவே சேமித்தார்கள். நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் கமராவே நீக்கும் வசதியை அணைத்து வைத்தார்கள். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கமரா சும்மா நிற்கும். இருபத்தைந்து நிமிடத்தில் பாதி போய்விடும்.

குறுகிய படங்களாக நிறைய எடுத்ததற்குக் காரணம், பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது. 16 படம் அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். சீக்குவேட்டர் என்ற இலவச மென்பொருள் தரையை நிறுத்தி வைத்துக்கொண்டு வானத்தை மட்டும் நட்சத்திரங்களைப் பிடித்து அடுக்கும். செப்டெம்பர் கடைசியில் நட்சத்திரங்களுக்கிடையே வால்வெள்ளி மெதுவாகவே நகர்ந்தது. சில நிமிடப் படங்களை அடுக்கும்போது தலை கலங்கவில்லை.

பனிதான் உண்மையான எதிரி. விடியற்காலை ஈரம் லென்ஸ் கண்ணாடியில் படிந்தால் படம் முழுக்க மங்கல் பரவும். எடுக்கும்போது அது தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் லென்ஸைச் சுற்றிக் கட்டும் மின்சூட்டுப் பட்டி விற்கிறார்கள். இங்கே ஆட்டோக்காரர் சுடுதண்ணிப் போத்தலைக் கம்பளித் தொப்பியில் சுற்றி லென்ஸோடு சேர்த்துக் கட்டிவிட்டார். கண்ணாடி சுற்றுக் காற்றை விட ஓரிரு பாகை சூடாக இருந்தால் போதும், பனி படியாது. லென்ஸின் முன் வளையத்தையும் (ஹூட்) மாட்டி வைத்தார்கள். அவர்களுடைய கோப்புகளில் பனி மங்கல் ஒன்றுகூட இல்லை.

மாலைக் குழு

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் பார்த்துத் திட்டம் போட்டவர் கல்யாணப் படக்காரர். அந்தத் திட்டத்தை இன்றும் நான் பாராட்டுகிறேன். ஒக்டோபர் 14, 15 அளவில் வால்வெள்ளி வான நடுக்கோட்டை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நடுக்கோட்டில் இருக்கும் பொருள் எங்கிருந்து பார்த்தாலும் நேர் மேற்கில் மறையும். சிவனொளிபாத மலைக்கு நேர் கிழக்கே, அதே அட்சரேகையில், கிட்டத்தட்ட 20 கிலோமீற்றரில் இருப்பது பொகவந்தலாவை. அதன் மேல்மலைகளில் 1500 மீற்றர் உயரத்தில் நின்றால், 2243 மீற்றர் முடி அடிவானத்துக்கு இரண்டு பாகை மேலே கூம்பாக எழும். 85 மில்லிமீற்றர் லென்ஸை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கீழே மலை, பத்துப் பாகைக்கு மேலே வால்வெள்ளி, இரண்டும் ஒரே சட்டத்தில். மாலை 7 மணி. இடப்பக்கம் தள்ளி வெள்ளிக் கோள், வலப்பக்கம் சுவாதி, நடுவில் வால்வெள்ளி. தேடக்கூடத் தேவையில்லை.

வானம் திறக்கவில்லை. தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றதுதான் அந்த வாரத்தின் பெரும்பகுதி. மச்சான் அனுப்பிய குரல் செய்திகள் என்னிடம் இருக்கின்றன: "அண்ணே, இங்க மறுபடி மூடிருச்சு. மலையே தெரியல, அதுக்கு மேல என்னத்தத் தேட."

ஒக்டோபர் 17 போயா. முழுநிலா அந்த ஆண்டின் மிகப் பெரிய நிலாக்களில் ஒன்று. அதை ஒட்டிய நாட்களில் மேகம் விலகியிருந்தாலும் நிலவொளி வாலைத் தின்றிருக்கும். 20-ஆம் திகதிக்கு மேல் ஒரு மாலையில் மழை ஓய்ந்து வானம் கிழிந்தாற்போல் திறந்தது. இருட்டிய பிறகே நிலா உதிக்கும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டும் கிடைத்தது. ஆனால் அதற்குள் வால்வெள்ளி ஒரு வாரத்துக்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் பிரகாசித்தது. வடக்கே நகர்ந்து, வானில் 25 பாகைக்கு மேல் ஏறியும் விட்டது. மலையும் வால்வெள்ளியும் ஒரு சட்டத்தில் வரவேண்டும் என்றால் அது தாழ இறங்கும் வரை காத்திருக்கவேண்டும். அது இறங்கும் நேரத்தில் நிலா எழும்புகிறது. திட்டத்தின் அழகே அது ஒரு வாரத்துக்கு மட்டும் செல்லும் என்பதில் இருந்தது; பலவீனமும் அதுவே.

கிடைத்த படங்களை அடுக்குவதிலும் ஒரு தொல்லை. பூமிக்குப் பக்கத்தில் கடந்த பின் வால்வெள்ளி நாளுக்குச் சில பாகை நட்சத்திரங்களுக்கிடையே ஓடியது. பத்து நிமிடப் படங்களை நட்சத்திரங்களைப் பிடித்து அடுக்கினால் தலை சில பிக்ஸல் இழுபட்டுவிடும். தலையைப் பிடித்து அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாகும். டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற மென்பொருளில் வால்வெள்ளிக்கென்றே ஒரு முறை இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாக அடுக்கிச் சேர்க்கும். கல்யாணப் படக்காரர் அதை ஒரே இரவில் கற்றுக்கொண்டார். அடுக்கிய பிறகு மெல்லிய, நீண்ட வால் வெளிப்பட்டது. விஷயம் தெரிந்தவர்களுக்கு நல்ல பதிவு. கடையில் மாட்ட ஏற்ற படமல்ல.

இந்த இடத்தில் ஒரு விவாதம் நடந்தது. சிவனொளிபாத மலையின் வேறு நாள் படத்தின்மேல் இந்த வால்வெள்ளியை ஒட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நண்பர் ஆலோசனை சொன்னார். கல்யாண அல்பத்தில் மழை நாளை வெயில் நாளாக மாற்றுகிறவர்தான் படக்காரர். ஆனால் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அல்பத்துல செய்றது வேற. இது இப்படி இருந்துச்சின்னு சொல்ற படம்" என்றார். அந்த வாரத்தில் இலங்கைப் பெயர் போட்டு முகநூலில் சுற்றிய படங்கள் சிலவற்றில் வால் நீலமாக ஜொலித்தது. இந்த வால்வெள்ளியின் வால் பெரும்பாலும் தூசு. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மஞ்சள் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். நீல வாலைப் பார்த்ததுமே சந்தேகப்படலாம்.

கோப்புகளைப் பக்கத்தில் வைத்தபோது

ஒரே திரையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சென்சர் தரம். பொகவந்தலாவைப் படங்களில் இரைச்சல் மிகக் குறைவு, நட்சத்திரங்கள் ஓரம் வரை கூர்மை. அப்புத்தளைப் படங்களின் மூலைகளில் நட்சத்திரங்கள் சிறகு விரித்திருக்கின்றன. மலிவு லென்ஸை அகலத் திறந்தால் அப்படித்தான். ஆனாலும் எந்தப் படத்தை அச்சடிக்கலாம் என்று கேட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள். செப்டெம்பர் கடைசியில் வால்வெள்ளியின் ஒளியளவு (பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) ஏறத்தாழ இரண்டுதான். ஒக்டோபர் 14 அளவில் அதை விடப் பல மடங்கு பிரகாசம். தெளிந்த வானத்தில் மங்கலான வால்வெள்ளி, மூடிய வானத்துக்கு மேலே பிரகாசமான வால்வெள்ளியை வென்றுவிட்டது.

அப்படியானால் மாலைக் குழு விடியலுக்கும் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்டேன். செப்டெம்பர் கடைசியில் அவருக்குக் கல்யாண வேலை இருந்தது. ஒக்டோபரில் இன்னும் பெரிதாக வரும் என்று எல்லோரும் சொன்னதால் விட்டுவிட்டார். வால்வெள்ளிகளோடு எனக்கு இருக்கும் பழக்கத்தில் இது நிறையப் பேர் செய்யும் கணக்கு. சூரியனை நெருங்கும்போது உடைந்து சிதறும் வால்வெள்ளிகளும் உண்டு. இதுவே சிதறிவிடலாம் என்று 2024 நடுவில் வானியலாளர் சிலர் எண்ணினார்கள். கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த முதல் தெளிந்த நாளிலேயே எடுத்துவிட்டு, பின்னால் வருவதை மேலதிகமாக வைத்துக்கொள்வதே என் பக்கச் சிபாரிசு.

கைத்தொலைபேசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களில் ஒருவன் தன் போனைக் கல்லில் சாய்த்து வைத்து, ப்ரோ முறையில் ஐஎஸ்ஓ 1600, 10 செக்கன், மூன்று செக்கன் டைமர் என்று எடுத்தான். வால்வெள்ளி சிறிதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்திருக்கிறது. போன் லென்ஸின் குவியத் தூரம் மிகக் குறைவு என்பதால் 10 செக்கனுக்கும் நட்சத்திரங்கள் அவ்வளவாக இழுபடுவதில்லை. கையில் பிடித்து, திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி எடுத்தவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

சிவனொளிபாதத் திட்டம் எப்போது பலிக்கும்

கல்யாணப் படக்காரர் அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை, இடத்தின் அளவுகளைப் போனில் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு வேண்டியவை மூன்று. வால்வெள்ளி மாலை வானில் வரவேண்டும். வான நடுக்கோட்டுக்கு ஓரிரு பாகைக்குள் இருக்கவேண்டும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே, மேற்குச் சரிவு வரண்டிருக்கும்போது வரவேண்டும். அந்த மாதங்கள் யாத்திரைக் காலம். நல்லதண்ணிப் பக்கத்துப் படிக்கட்டு விளக்குகள் இரவு முழுக்க எரியும், முடி வரைக்கும் வெளிச்சக் கோடு தெரியும். அந்த வெளிச்சத்துக்குத் தனியாக அரைச் செக்கன் படம் ஒன்று, வானத்துக்கு மூன்று செக்கன் படங்கள் பல, எல்லாம் ஒரே இரவில், முக்காலியை அசைக்காமல். இதில் ஒட்டுவேலை இல்லை என்று நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஒன்று வந்தால் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி ஊவாப் பக்கம் போய்விடுவதாகவும், ஆசிரியரோடு பேசி அந்தக் கவ்வாத்து மலையில் இடம் கேட்டிருப்பதாகவும் சொன்னார். ஆசிரியர் ஒரு திருத்தம் செய்தார்: கவ்வாத்து வெட்டிய மலை ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி வளர்ந்துவிடும், எந்த மலை வெட்டியிருக்கிறது என்று அப்போது காவல்காரரிடம்தான் கேட்கவேண்டும்.